பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

தம் கையால் மோட்டார் வண்டியொன்றைக் கட்டி முடித்து, அதன் இஞ்சினை முதன்முறை முடுக்கி, அஃது ஓரிரு நிமிடம் உறுமிப் பின் இருமித் தும்மி அடங்கிப்போவதைக் கண்டு நின்ற மாணவர் பலரை யாம் பார்த்திருக்கின்றோம். அவர்தம் ஏமாற்றத்தைப் பற்றி ஈண்டு எழுதப் புகவில்லை. அடுத்த கணம் அவர்கள் கை எங்கே செல்கின்றது என்பதைப் பற்றியே எழுதப் புகுந்தோம். பெரும்பாலார் கை திருப்புளியை எடுத்துக்கொண்டு கார்புரேட்டரை நாடுகின்றது. இஞ்சின் புது மாதிரியாயின் மடிக்கணினியை நாடுகின்றது. பெட்ரோல் போதவில்லை என்று சிலர் கூட்டுவர். மிகுந்துவிட்டது என்று சிலர் குறைப்பர். இவ்விரு சாராரும் பெரும்பாலும் நிரபராதியையே தண்டிக்கின்றனர் என்பது எமது அபிப்பிராயம். தாமே கட்டிய வண்டியில் "டியூனிங் சரியில்லை" என்று சொல்லப்படும் நோய்களுள் மிகப் பல டியூனிங்கைச் சேர்ந்தனவே அல்ல. அவை நெருப்பிலோ காற்றிலோ வால்விலோ உள்ள பழுதுகள். பெட்ரோலின் வேடம் புனைந்துகொண்டு வருகின்றன.

டியூனிங் என்னும் சொல் இசைக்குரியது. வீணைக்குச் சுருதி சேர்ப்பார் எடுத்தவுடன் பிருடையைத் திருகுவதில்லை. பிருடை தன் துளையில் வழுக்காமல் நிற்கின்றதா, மெழுகிற் பதித்த மெட்டுக்கள் அசையாதிருக்கின்றனவா, தந்தி துருவேறாதிருக்கின்றதா என்று பார்த்த பிறகே திருகுவர். மெழுகு இளகிய வீணையை எத்துணை நாள் திருகினும் சுருதி நில்லாது. இதனை நன்கறிந்த நம் நாட்டு மாணவர் இஞ்சினிடம் வந்தவுடன் இதனை மறந்துவிடுவது வியப்பே.

வண்டியைத் தாமே கட்டும் ஆசை பழையது. அதனோடு வரும் இப்பிழையும் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. காலின் சாப்மன் என்னும் ஆங்கிலேயர் 1948-ஆம் ஆண்டில் பழைய ஆஸ்டின் ஸெவன் வண்டியொன்றை அடிப்படையாகக் கொண்டு தம் முதல் வண்டியைக் கட்டினார். அவர் நிறுவிய லோட்டஸ் கம்பெனி 1957-இல் வெளியிட்ட ஸெவன் என்னும் சிறு வண்டி, பகுதி பகுதியாக வாங்கி வீட்டிற் பூட்டிக்கொள்ளத் தக்கதாய் விற்கப்பட்டது. 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுன் செலவில் அத்தகைய வண்டியொன்றைக் கட்டும் வகையைக் கூறும் நூலை வெளியிட்டார். அமெரிக்காவில் 1981-இல் தொடங்கிய ஃபார்முலா எஸ்.ஏ.இ. என்னும் போட்டி, மாணவர் வண்டி கட்டுதலை உலகெங்கும் ஒரு பாடமாகவே ஆக்கிவிட்டது. பின்னர் 2001-இல் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்னும் இருவர் மெகாஸ்குவர்ட் என்ற சிறு கணினியை வகுத்தளித்தனர். பெட்ரோலை இன்ஜெக்டர் வழியே இஞ்சினுக்கு அளந்து கொடுக்கும் அக்கருவியை யாரும் தம் கையாலேயே ஈயப்பற்று வைத்துக் கட்டிக்கொள்ளலாம். இன்றோ ஒரு திருகாணி இருந்த இடத்தில், பதினாறுக்குப் பதினாறாக 256 கட்டங்கள் கொண்ட அட்டவணை வந்து நிற்கின்றது. ஒரு திருகாணியைக்கொண்டு ஒருவன் ஒருவகையாற் பிழை செய்யலாம். 256 கட்டங்களைக்கொண்டு எத்தனை வகையாற் பிழை செய்யலாம் என்பதைக் கணித மாணவர் கணக்கிட்டுச் சொல்வாராக.

எமது கல்லூரிப் பௌதிகப் பகுதியின் பட்டறையில் சென்ற ஆண்டு நிகழ்ந்ததொன்றைச் சொல்லுவோம். மாணவர் அறுவர் சேர்ந்து, 1960-களிற் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்ட் வண்டியொன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தனர். ஹெரால்டின் சேசிஸ் தனி, உடல் தனி. துருப்பிடித்த உடலைக் கழற்றி எறிந்துவிட்டு வேறோர் உடலைத் தம் விருப்பம்போல் ஏற்றலாம். இக்காரணம் பற்றியே இங்கிலாந்திலும் வண்டி கட்டுவோர் இதனை விரும்பினர். நம் மாணவர் அலுமினியத் தகட்டால் இருவர் அமரத்தக்க உடலொன்றை அமைத்து, 948 கன சென்டிமீட்டர் கொண்ட நான்கு சிலிண்டர் இஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டினர். அதில் வேலைப்பாடு நன்றாகவே இருந்தது.

இஞ்சின் ஓடிற்று, ஆனால் ஓட்டம் நேராக இல்லை. மெதுவாகச் சுழலும்போது நடுங்கிற்று. வேகமிதியை அழுத்தினால் ஒருகணம் தயங்கிக் கார்புரேட்டர் வழியே "டப்" என்று வெடித்தது. பெட்ரோல் போதாவிடின் இவ்வாறு வெடிப்பதுண்டு என்று எங்கோ படித்திருந்தமையால், மாணவர் பெரிய ஜெட் ஒன்றைப் பொருத்தினர். குணமில்லை. அதனினும் பெரிய ஜெட்டைப் பொருத்தினர். மூன்று வாரத்தில் கார்புரேட்டர் நான்குமுறை பிரிக்கப்பட்டது. பின்னர்ப் பணம் சேர்த்து, புகைக்குழாயிற் பொருத்தி எரிபொருட் கலவையை அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்தனர். அது 17-க்கு மேற் காட்டிற்று. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரியக் காற்று 14.7 பங்கு வேண்டும் என்பது பாடம். ஆதலின் 17 என்றால் பெட்ரோற் பஞ்சம் என்று முடிவு செய்து இன்னும் கூட்டினர். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோதோ, அவை அடுப்புக்கரி போற் கறுத்திருந்தன; பட்டறை முழுவதும் பெட்ரோல் நாற்றம். மீட்டர் பஞ்சம் என்றது. பிளக்குகள் வெள்ளம் என்றன. இரண்டும் கண்கண்ட சாட்சிகள். இரண்டும் எப்படி மெய்யாகும் என்று எவரேனும் அன்று உட்கார்ந்து கேட்டிருந்தால், அந்நேரமே பழுது அகப்பட்டிருக்கும். யாமும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம்.

கேட்டவர், ஊரில் நாற்பதாண்டு மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். பட்டறைக்கு வேறு காரியமாக வந்திருந்தார். சற்று நின்று இஞ்சினின் ஓசையைக் கேட்டார். "தம்பி, பெட்ரோல் கிடக்கட்டும். நாலு வீட்டிலும் அடுப்பு எரிகிறதா என்று முதலிற் பார்த்தீர்களா?" என்றார். "பார்க்கவில்லை, ஐயா" என்றனர் மாணவர். ரப்பர் உறையிட்ட குறட்டால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டச் சொன்னார். முதலாவதைக் கழற்றினால் இஞ்சின் தளர்ந்தது. இரண்டாவதும் நான்காவதும் அவ்வாறே. மூன்றாவதைக் கழற்றியபோது ஏறத்தாழ மாற்றமே இல்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தாலன்றோ அணைந்தது தெரியும்! பொழுது சாய்ந்தபின் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். மூன்றாம் சிலிண்டரின் ஒயர், மாணவர் தாமே வெட்டி வளைத்துப் பூட்டிய இரும்புப் பட்டையில் உராய்ந்து தோலுரிந்திருந்தது. அவ்விடத்தில் நீலப்பொறி ஒன்று பட்டையின்மேல் தாவித்தாவி விளையாடிக்கொண்டிருந்தது. பிளக்கிற்குச் செல்லவேண்டிய நெருப்பு வழியிலேயே இறங்கிவிட்டது.

இனி மீட்டர் ஏன் பொய் சொல்லிற்று? அது பொய் சொல்லவில்லை. கேட்டவர் அதன் பாஷையை அறிந்திலர். அக்கருவி பெட்ரோலை அளப்பதன்று. புகையில் எஞ்சியுள்ள பிராணவாயுவைக்கொண்டு கணக்கிடுவது. ஒரு சிலிண்டரில் தீப்பற்றாவிடில், அதிற் புகுந்த காற்று முழுவதும் அப்படியே வெளியேறுகின்றது. அதனோடு பெட்ரோலும் எரியாமல் வெளியேறுகின்றது. மீட்டர் பிராணவாயுவைக் கண்டு, "காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு" என்கின்றது. அதன் சொற்கேட்டுப் பெட்ரோலைக் கூட்டினால், ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த மற்ற மூன்று சிலிண்டர்களும் மூழ்கிக் கரி பிடிக்கின்றன. மீட்டருக்கு முன்னே புகைக்குழாய் இணைப்பில் ஓட்டை இருப்பினும் இதே கதைதான். புகை விட்டுவிட்டுத் தள்ளப்படுவதால், இடையிடையே வெளிக்காற்று உள்ளிழுக்கப்பட்டுப் பிராணவாயுவை மிகுத்துக் காட்டும். மாணவர்க்கு யாம் வற்புறுத்திச் சொல்லுவது இது: மீட்டரும் பிளக்கும் முரண்படுமாயின், அம்முரண்பாட்டையே பிடித்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த சாட்சியை நம்பி எளிய சாட்சியைத் தள்ளிவிடாதீர்கள்.

(ஒரு வார்த்தை. பிளக் ஒயரைக் கழற்றிப் பார்க்கும் இம்முறை பழைய பாயிண்ட் வைத்த இஞ்சின்களுக்கே தகும். இக்காலத்து மின்னணுக் காயில்கள் அதனாற் கெடக்கூடும்; அவற்றில் இன்ஜெக்டரின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதே முறை.)

ஒயரை மாற்றிப் பழைய ஜெட்டையே திரும்பப் பொருத்தியபின் இஞ்சின் நான்கு காலில் நின்றது. எனினும் மெதுவோட்டத்தில் ஏறியும் இறங்கியும் அலைந்தது. மிதியை அழுத்தினால் தெளிந்தது. இப்பொழுது மீட்டர் காட்டிய பஞ்சம் மெய்யான பஞ்சம். ஆனால் குற்றம் இங்கும் பெட்ரோலினது அன்று. கார்புரேட்டரை மேனிபோல்டில் இருத்துவதற்காக மாணவர் அலுமினியத்தில் ஓர் இடைத்தகடு அராவி வைத்திருந்தனர். கார்புரேட்டரின் வாயை அடைத்து, மேனிபோல்டிற்குள் மெல்லக் காற்றடித்து, மூட்டுக்களிற் சவுக்கார நீரைப் பூசச் சொன்னோம். சைக்கிள் டியூபில் ஓட்டை தேடுகிற வித்தைதான். நம் மாணவருள் அதனை அறியாதார் இலர். அத்தகட்டின் ஓரத்தில் குமிழிகள் வரிசையாக எழுந்தன. தகடு சமமாக இல்லை. பேக்கிங் அதனை மூடவில்லை.

இவ்விடத்தில் சற்று நின்று காரணத்தை விளக்குதல் நலம். ஏனெனில் இக்காரணத்தை அறிந்தவன் பாதி மெக்கானிக் ஆகிவிடுகின்றான். மெதுவோட்டத்தில் காற்றுத் தடுக்கு ஏறத்தாழ மூடியிருப்பதால், மேனிபோல்டிற்குள் உறிஞ்சல் வலிது. உட்செல்லும் காற்றின் மொத்த அளவோ சிறிது. அப்பொழுது ஓட்டை வழியே திருட்டுத்தனமாகப் புகும் காற்று, மொத்தத்திற் பெரும்பங்காகிவிடும். தடுக்கை முற்றும் திறந்தால் உறிஞ்சல் குறைகின்றது, நேர்வழிக் காற்று பன்மடங்காகின்றது. ஓட்டைக்காற்று கணக்கில் வராமற் போகின்றது. ஆகவே, மெதுவோட்டத்தில் பஞ்சமும் வேகத்தில் நலமும் காணின் காற்றோட்டையைத் தேடுக. மெதுவோட்டத்தில் நலமும், மேட்டில் ஏறும்போதும் வேகத்திலும் பஞ்சமும் காணின், பம்பு, வடிகட்டி, மிதவையின் மட்டம் ஆகியவற்றைப் பார்க்க. அவ்விரண்டும் நீங்கி, எல்லா நிலையிலும் ஒரே அளவாகப் பஞ்சமோ மிகுதியோ காணப்படின், அன்றே ஜெட்டின்மேற் கைவைக்கலாம்.

பெட்ரோல் எக்காலும் குற்றமற்றது என்று யாம் வாதிக்கவில்லை. 2025-ஆம் ஆண்டளவில் இந்தியாவெங்கும் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. எத்தனாலில் பிராணவாயு உள்ளடங்கி இருப்பதால், அது தனியே எரிய ஏறத்தாழ 9 பங்கு காற்றே போதும். இருபது விழுக்காட்டுக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்கு. ஆதலின் சுத்தப் பெட்ரோலுக்கென்று துளையிட்ட பழைய ஜெட், இக்காலத்துப் பெட்ரோலில் ஏறத்தாழ எட்டு விழுக்காடு பஞ்சமாகவே ஓடும். எமது ஹெரால்டிற்கும் முடிவில் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்கவே நேர்ந்தது. மாணவர் முதலிற் பொருத்திய அளவிற்கு வெகு கீழே. பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் அரிப்பதால் அவற்றையும் மாற்றினோம். மீட்டரில் 14.7 என்று காணும் எண்ணையும் இனி அப்படியே நம்பலாகாது. பல மீட்டர்கள் தாம் கண்ட விகிதத்தை 14.7-ஆற் பெருக்கிக் காட்டுவனவேயன்றித் தொட்டியிலிருப்பது எந்தப் பெட்ரோல் என்று அறிவனவல்ல.

நெருப்பு எழும் தருணத்தைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். இதனைச் சொல்லுவது எமக்கு எளிதன்று. ஹெரால்டிற்கு மூன்றாண்டு முன்னே வேறொரு மாணவர் கூட்டத்தார் கணினி வைத்த வண்டியொன்றைக் கட்டினர். கிராங்க் தண்டில் பல்சக்கரம் ஒன்று. முப்பத்தாறு பல்லுக்குரிய இடத்தில் ஒன்றை வெட்டிவிட்டு முப்பத்தைந்து இருக்கும். அவ்வெற்றிடம் தன்னைக் கடக்கும்போதெல்லாம் கணினி தண்டின் நிலையை அறிகின்றது. பல்லுக்குப் பல் பத்துப் பாகை. பிஸ்டன் உச்சியை அடையும்போது வெற்றிடத்திலிருந்து எத்தனையாவது பல் உணரியின் எதிரே நிற்கின்றது என்பதை நாம் கணினிக்குச் சொல்லவேண்டும். ஒரு பல் பிழையாகச் சொன்னால், கணினி பத்துப் பாகையில் தீயிட்டதாக எண்ணி இருபதில் இடும். அட்டவணை முழுதும் அவ்வளவு முந்திவிடும். இஞ்சின் முடுக்கினால் ஓடும். தளர்வாக ஓட்டினால் துள்ளிக்கூட ஓடும். சுமை ஏறும்போதோ, பிஸ்டன் மேலேறி வருமுன்னரே தீ மிகுந்து, உள்ளே சுத்தியலால் தட்டுவது போல் ஓசை எழும்.

அவ்வோசை எழுந்தது. மாணவர் பெட்ரோலைக் கூட்டினர். சற்றுக் குறைந்தது போலிருந்தது. வேறோர் ஊரில் வேறொருவர் தம் இஞ்சினுக்கு எழுதிய அட்டவணையைப் பெற்று ஏற்றினர். பிறருடைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம் கண்ணைக் குறைகூறுவது போன்றது அது. முடிவில் ஒரு மாலை, மேடொன்றில் ஏறும்போது பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. பெட்ரோல் மட்டம் என்றார் ஒருவர்; கணினி மட்டம் என்றார் மற்றொருவர். தேர்வு வந்தது, அவர்கள் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டனர். அடுத்த கோடை விடுமுறையில் யாம் அவ்விஞ்சினைத் திறந்து, பிளக் துளையில் ஒரு போல்ட்டை இறக்கி, தண்டை மெல்ல இருபுறமும் சுழற்றி, பிஸ்டன் முட்டும் இரண்டு இடங்களுக்கும் நடுவே உண்மையான உச்சியைக் குறித்தோம். ஒரு பல் பிழை. டைமிங் லைட்டைப் பிடித்து ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவ்விளக்கு, அவர்கள் வேலை செய்த மேசைக்குப் பின்னேயுள்ள அலமாரியில் இருந்தது. அலமாரியின் சாவி எம்மிடம் இருந்தது.

அவ்வறுவருள் நால்வர்க்கு எழுதினோம். மறுமொழி தந்த இருவரும், தமக்கு இயந்திரத்திற் கை வராது என்று அன்றே துணிந்து வேறு தொழிலை நாடிவிட்டதாகக் குறித்திருந்தனர். கை வராமைக்கும் ஒரு பல்லுக்கும் உள்ள தொலைவை எண்ணி யாம் பலநாள் வருந்தியதுண்டு.

இதற்கு மாறாக, சில நண்பர் கூறுவர்: "இக்காலத்துக் கணினி தானே கற்றுக்கொள்ளுகின்றது. வண்டியை ஓட்டிக்கொண்டே போனால், மீட்டரைப் பார்த்து அட்டவணையைத் தானே திருத்திவிடும். உமது சவுக்கார நீரும் இருட்டறையும் எதற்கு?" நலமான இஞ்சினுக்கு இது முற்றும் மெய், எம் இளமையில் ஒரு வாரம் பிடித்த வேலையை அது ஒரு மணி நேரத்திற் செய்துவிடுவதை யாமே கண்டு மகிழ்ந்திருக்கின்றோம். ஆனால் ஓட்டையுள்ள இஞ்சினை அதனிடம் ஒப்படைத்தால், அது ஓட்டையையும் பாடமாகக் கற்றுக்கொள்ளும். பிறகு ஒருநாள் பேக்கிங்கை மாற்றி ஓட்டையை அடைத்தால், அன்றைக்கு வண்டி முன்னிலும் மோசமாக ஓடும். மாணவர் புதுப் பேக்கிங்கைத் திட்டுவர்.

ஆதலின் முதலில் நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவிகொண்டு பார்த்துவிட வேண்டும். எண் பெரிதாயிருப்பதைவிட நான்கும் ஒத்திருப்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருப்பின் அச்சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் பார்க்கலாம். ஏறினால் ரிங் தேய்ந்தது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வு இடைவெளி, நெருப்பு, அதன் தருணம், காற்றோட்டை, பெட்ரோல் வரத்து என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசியிலேயே கலவையைத் தொடவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். பயனில்லையேல் பழையபடி வைத்துவிட்டே அடுத்ததற்குச் செல்லவேண்டும். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்து நலம் கண்டவன், எதனால் நலம் கண்டான் என்று அறியான். சேர்த்துச் செய்து கேடு கண்டவன் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

இதில் ஆசிரியராகிய எமக்கும் பங்குண்டு என்பதனாலேயே இதனை இம்மலரில் எழுதுகின்றோம். மாணவரின் வண்டிக்கு நாம் மதிப்பெண் இடும் முறையைப் பாருங்கள். அச்சிட்ட அறிக்கை, வண்ணப்படம், இறுதியில் ஓடிக்காட்டிய வண்டி: இவற்றிற்கே எண் வழங்குகின்றோம். மூன்று வாரம் தவறான இடத்தில் தேடினோம் என்று ஒருவன் எழுதினால், அவன் எண் குறையுமென்று அஞ்சுகின்றான், அஞ்சுவதும் நியாயமே. அதனால் அறிக்கைகளில் எல்லா இஞ்சின்களும் முதல் முடுக்கிலேயே இனிது ஓடுகின்றன! அடுத்த ஆண்டு வருவோர், முன்னோர் எங்கே தவறினர் என்று அறிய வழியின்றி, அதே இடத்திலேயே தவறுகின்றனர். மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைப் பழுதுக் குறிப்பேட்டிற்கென்றே ஒதுக்கவேண்டும் என்று பகுதித் தலைவருக்கு விண்ணப்பித்துள்ளோம். அக்குறிப்பேடுகள் நூல்நிலையத்தில் மற்ற நூல்களோடு வைக்கப்படல் வேண்டும். டைமிங் லைட் இருந்த அலமாரிக்கு இப்பொழுது பூட்டு இல்லை.

ஹெரால்ட் கல்லூரி நாள் விழாவன்று முன்வாயிலிலிருந்து ஆலயம் வரை சென்று திரும்பிற்று. அதன் குறிப்பேட்டில் நாற்பத்தொரு பக்கம் நிறைந்துள்ளது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில், "குளிர்ந்த இஞ்சின், முதல் ஐந்து நிமிடம், இரண்டாம் கியரில் வேகம் கூட்டும்போது ஒரு தயக்கம், பின் இல்லை" என்ற ஒரு வரி மட்டும் எழுதப்பட்டு, கீழே வெறுமையாக இருக்கின்றது. பழைய மாணவருள் ஹெரால்ட் ஓட்டியவர் சிலரேனும் இருப்பர். சனிக்கிழமை பிற்பகலிற் பட்டறை திறந்திருக்கும். எழுதுகோல் குறிப்பேட்டோடு கட்டித் தொங்கவிடப்பட்டுள்ளது.